எட்டுச் சிலிப்பர் கட்டைகள்

கொன்றையடி,
22.09.2013

அன்புத் தங்கச்சி றோசலினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் முழங்கால் நோவு குறைந்ததா? எண்ணெய் பூசுகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

கிளிநொச்சிக்கு ரயில் வந்துவிட்டது, பேப்பரில் பார்த்திருப்பாய். ரோட்டுத் திறந்தால் வருகிறேன் என்றாய், திறந்தது. பஸ்ஸில் இடுப்பு முறியும், ரயில் விடட்டும் என்றாய். அதுவும் வந்துகொண்டிருக்கிறது. போன கடிதத்தில், "பலை வரைக்கும் வந்தால் யோசிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அது பலை அல்ல, பளை. கொழும்பில் நாற்பது வருடம் இருந்து உன் ளகரம் தேய்ந்துபோயிற்று. எங்கள் கொன்வென்ற் பள்ளிக்கூடத்து மதர் இருந்திருந்தால் நூறு தரம் எழுத வைத்திருப்பா.

எங்கள் வேலிக்கு அப்பால் பற்றை வெட்டித் தண்டவாளத்துக்கு வழி எடுக்கிறார்கள். சேனாதீர என்று ஒரு சிங்கள ஓவசியர்தான் வேலையை மேற்பார்க்கிறார். வவுனியாவில் பத்து வருடம் இருந்தவராம், தமிழ் கதைக்கிறார். முதல் நாள் படலைக்கு வெளியே நின்று, "அம்மா, கொஞ்சம் தண்ணி அள்ளலாமா?" என்று கேட்டார். "அள்ளும். வாளியக் கவுட்டு வைச்சிட்டுப் போம்" என்றேன். கவிழ்த்து வைத்தார். அடுத்த நாளும் வைத்தார். அப்படி ஒருவரை என்னால் குறை சொல்ல முடியாது.

உன் அத்தான் இருந்திருந்தால் இப்போதே பச்சைக் கொடியை எடுத்துத் துவைத்திருப்பார். இந்த ஸ்ரேசனிலிருந்து கடைசி ரயிலை அனுப்பியவர் அவர்தானே.

தொலைபேசியில் கதைக்கலாமே என்று கேட்டாய். வேண்டாம். கடிதம் எழுதும்போது நீ அழுதாலும் எனக்குக் கேட்காது.

உன் சுகத்துக்காக மன்றாடும்,
அக்கா பிரிஜிற்

கொட்டாஞ்சேனை,
19.10.2013

என் அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பளை, பளை, பளை. போதுமா? மிச்சம் தொண்ணூற்றேழையும் நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

எண்ணெய் பூசுகிறேன், சத்தியமாக. மகன் வேலைக்குப் போனால் வீட்டில் நானும் வானொலியும்தான். உங்களுக்குக் கண் எப்படி? சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்தார்களா?

ரயில் கொன்றையடிக்கே வரட்டும் அக்கா. பாதி வழியில் இறங்கி மாறி ஏற என்னால் ஏலாது.

போன மாதம் யூடிற்றின் பிறந்தநாள். இருந்திருந்தால் முப்பத்தாறு. ஒரு மாத விடுமுறைக்கு, திரும்பி வரும் சீட்டும் எடுத்துத்தான் என் பிள்ளையை உங்களிடம் அனுப்பினேன். அவள் வந்து மூன்றாம் கிழமை சண்டை மூண்டு ரயில் நின்றது, ரோட்டும் அடைபட்டது.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பங்கர்க் கிடங்கு இன்னும் இருக்கிறதா? மூடிவிட்டீர்களா?

கண்ணைக் கவனியுங்கள்.

அன்புடன்,
றோசலின்

கொன்றையடி,
15.12.2013

அன்புத் தங்கச்சிக்கு,

உனக்கும் மகனுக்கும் நத்தார் வாழ்த்துகள். எனக்குச் சுகம். கண்ணுக்குத் தை மாதம் திகதி.

பலகாரத்துக்கு மா இடிக்க ஆளில்லை, மெசினில் கொடுத்தேன். கரடுமுரடாக அரைத்துத் தந்திருக்கிறான். திருப்பிக் கொடுத்து அரைக்க வைத்தேன்.

போன ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலில் சேனாதீர அறிவித்தல் சொன்னார். யாரிடமாவது தண்டவாளமோ, அதற்கு அடியில் போடும் பழைய சிலிப்பர் கட்டையோ இருந்தால் ரயில்வேக்குத் திருப்பித் தரலாம், வழக்கு ஒன்றும் வராது என்று. சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. உனக்குத் தெரியாததா? குண்டுக்குப் பயந்து பங்கர் வெட்டி மூடிய காலத்தில் இந்த ஊரில் ரயில் பாதையே வளவு வளவாகப் பிரிந்து போனது. பக்கத்து வளவுப் பொன்னுத்துரைதான் முதலில் வாய் திறந்தான்.

"ஓவசியர் ஐயா, என்ர மாட்டுக் கொட்டில் முழுக்க ரெயில்வேதான். கொட்டிலைக் கழட்டினா மாட்டையும் நீங்கள்தான் ஏத்திக்கொண்டு போகோணும்."

"மாட்டுக்கு ரிக்கெட் எடுக்கணும்" என்றார் சேனாதீர.

"அப்ப அரை ரிக்கெட் போடுங்கோ. கண்டுக்குட்டியும் இருக்கு."

கோயில் வாசலே சிரித்தது. சேனாதீர என் பக்கம் திரும்பினார். "அம்மா வீட்டுல?"

"எங்கட வளவுக்குள்ள ரெயில்வே ஆணி ஒண்டுகூட வந்ததில்லை" என்றேன்.

பொன்னுத்துரை சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

பிறக்கும் வருடம் உனக்கு நல்லதாக அமையட்டும்.

அக்கா

கொன்றையடி,
20.02.2014

அன்புத் தங்கச்சிக்கு,

நத்தாருக்கு எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. சுகயீனமா? கண் சத்திரசிகிச்சை முடிந்தது. இப்போது சுவரில் உள்ள வெடிப்பெல்லாம் தெரிகிறது.

கிடங்கு இருக்கிறது. மூடவில்லை.

அக்கா

கொட்டாஞ்சேனை,
11.03.2014

அக்காவுக்கு,

கண் சுகமாகியதற்கு அந்தோனியாருக்கு நன்றி. எனக்கும் சுகயீனம் ஒன்றும் இல்லை.

பதில் எழுதாததற்குக் காரணம் உங்களுடைய அந்த ஆணி. "ரெயில்வே ஆணி ஒண்டுகூட வந்ததில்லை." அப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்த ஊரில் எல்லோருடைய பங்கருக்கு மேலும் சிலிப்பர் கட்டை இருந்தது. உங்களுடையதற்கு மேல் மூன்று பழைய பனங்குத்தியும் தகரமும் மண்மூட்டையும். குண்டு பொன்னுத்துரையின் வளவில்தான் விழுந்தது. அவர்கள் ஏழு பேரும் உடுப்பைத் தட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். உங்கள் பங்கர் அந்த அதிர்விலேயே இடிந்து என் பிள்ளையை மூடியது.

இதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. கிளாலிக் கடலால் தப்பி வந்த ஒரு மனுசி, "ஸ்ரேசன் மாஸ்ரர் வீட்டில கட்டை போடேல்லை, அது அரசாங்கச் சொத்தாம்" என்று எனக்குச் சொன்னாள். அத்தானுக்கு நான் ஒரே ஒரு கடிதம் எழுதினேன். "உங்கள் ரெயில்வேக்கு என் பிள்ளையைக் கொடுத்துவிட்டேன், இனி எனக்கும் உங்களுக்கும் கதை இல்லை" என்று. அவரும் ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். அதன்பிறகு அவர் செத்தபோதும் நான் வரவில்லை. பாதை திறந்திருந்தது. இடுப்பிலும் நோவு இல்லை.

நான் வருவேன் அக்கா. சேமக்காலையில் பிள்ளையின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த வருவேன். ஆனால் அவரைப் பற்றி என்னிடம் கதைக்க வேண்டாம்.

உடம்பைப் பாருங்கள்.

றோசலின்

கொன்றையடி,
04.05.2014

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் சுகத்தையும் கேட்கிறேன்.

உன் அத்தான் உனக்குப் பதில் எழுதினாரா? எப்போது? என்ன எழுதினார்? என்னிடம் அவர் சொல்லவில்லை.

பளை வரைக்கும் ரயில் ஓடுகிறது. காற்றுத் திரும்பினால் இங்கே ஊதல் கேட்பதாகப் பொன்னுத்துரை சொல்கிறான். எனக்குக் கேட்டதில்லை.

சொல்லாமல் விடக்கூடாத செய்தி ஒன்று. ஸ்ரேசனின் சாமான் கொட்டகைக்குப் பின்னால் நாயுண்ணிப் பற்றையை வெட்டியபோது எட்டுச் சிலிப்பர் கட்டைகள் அகப்பட்டன. நாலு நாலாக அடுக்கி, மேலே தகரம் போட்டு, தகரத்தின் மேல் கல் வைத்து இருந்தனவாம். சேனாதீர மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அம்மா, நான் வேலை செய்த எந்த ஸ்ரேசன்லயும் இப்பிடி ஒரு கட்டை மிஞ்சி இருக்கல்ல. இங்க எட்டு! உங்கட மாஸ்ரர்தானே வச்சது?"

"ஓம், அவர்தான்" என்றேன்.

"நான் சனங்கட வீட்டு வாங்குலயும் கதிரையிலயும் ரெயில்வே முத்திரை பாத்த ஆள் அம்மா. இப்பிடி ஒரு மனுசனை நான் கண்டதில்ல" என்று சொல்லித் தொப்பியைக் கழற்றினார்.

இப்போது ஊர்ச் சங்கம் கூடி முடிவெடுத்திருக்கிறது. ரயில் வரும் நாளில் ஸ்ரேசனில் அவர் பெயரில் ஒரு கல். "ரயில்வே உடைமையைக் காத்தவர்" என்று வெட்டப் போகிறார்களாம். எனக்கு மாலை போட்டுக் கொடி காட்டச் சொல்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அக்கா

கொட்டாஞ்சேனை,
02.06.2014

அக்காவுக்கு,

நான் சுகம்.

அந்த மாலையை நீங்கள் வாங்கினால், ரயில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் நான் ஏற மாட்டேன். கல்லில் பெயர் வெட்டுகிறார்களாம்! என் பிள்ளையின் பெயரையும் அதற்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். எட்டுக் கட்டையின் விலை என்று.

றோசலின்

கொன்றையடி,
17.08.2014

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம். சுகமாகத்தான் இருந்தேன். எழுதாமல் இருந்தேன். ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிக்க முன் தபாலில் போடும்படி பொன்னுத்துரையிடம் கொடுக்கப் போகிறேன்.

அந்த எட்டுக் கட்டைகளும் எங்கள் படலை வரைக்கும் வந்தவை.

குண்டு விழுவதற்கு மூன்று நாள் முன், ஒரு பின்னேரம், அவர் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. நான் படலையில் நின்றேன்.

"இதென்ன?"

"பங்கருக்கு மேல போட. பனங்குத்தி உழுத்துப்போச்சு, பிரிஜிற்."

"ஆரின்ர கட்டை?"

"ஆரின்ர எண்டு உனக்குத் தெரியாதே? தண்டவாளமே இல்லை. இனி இதை ஆர் கேக்கப் போகினம்?"

"கேக்க ஆளில்லாட்டி எடுக்கலாமோ? ஸ்ரேசன் மாஸ்ரரே எடுத்தா, ஊருக்கு நான் என்ன சொல்லுறது?"

"பிள்ளை ஒண்டு நிக்குதப்பா. எங்கட பிள்ளையும் இல்லை, பொறுப்பாத் தந்த பிள்ளை."

"அப்ப வண்டியை உள்ள விடுங்கோ. நான் வெளியில போறன்."

இப்படித்தான் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆண்டவரின் கட்டளைக்குப் பயந்து சொன்னேன் என்று இத்தனை வருடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி வந்தேன். அதுவும் உண்மை இல்லை. பொன்னுத்துரையின் மனைவி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு முதல் கிழமைதான், கட்டை எடுத்ததற்காக அவளைக் கள்ளி என்று தண்ணீர் அள்ளும் இடத்தில் வைத்துச் சொன்னேன். அவள் கண்ணுக்கு முன்னால் அந்த வண்டியை உள்ளே விட என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அவர் வண்டியைத் திருப்பினார். கொண்டுபோய் எப்படி அடுக்கி வைத்தார் என்று இந்த வருடந்தான் எனக்குத் தெரியும். மழை படாமல் தகரம் போட்டிருக்கிறார். நான் மனம் மாறிக் கேட்டால் உடனே எடுக்கத்தான் அப்படி வைத்தாரோ என்று யோசிக்கிறேன். மூன்று நாள் இருந்தது. நான் கேட்கவில்லை.

ஊர் அவரைத்தான் குறை சொன்னது. நான் திருத்தவில்லை. அதன்பின் பதின்மூன்று வருடம் அவர் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நான் நன்றாக நித்திரை கொண்டிருப்பேன்.

சங்கத்துக்கு மாலை வேண்டாம், கல்லும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அம்மாவுக்குப் பெருமை இல்ல" என்கிறார் சேனாதீர. அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

உன் சுகத்தைக் கேட்க எனக்கு உரிமை இருந்தால், கேட்கிறேன்.

பிரிஜிற்

கொட்டாஞ்சேனை,
28.09.2014

அக்கா,

இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். செஞ்சிலுவைக் கப்பலில் வந்தது. அத்தானின் எழுத்து உங்களுக்குத் தெரியும். மூன்றே வரி. பிரதி எடுக்கத் தேவையில்லை, எனக்கு அது மனப்பாடம்.

"அன்பின் றோசலின், கட்டை போட வேண்டாமென்று தடுத்தது நான். பிரிஜிற் போடச் சொல்லி மன்றாடினாள். அவளைக் கோபிக்க வேண்டாம், உனக்குச் சகோதரம் என்று அவள் மட்டுந்தான். அமிர்தநாதன்."

ரயில் ஐந்து நிமிடம் பிந்தினாலும் அதை அப்படியே எழுதி வைக்கிற மனிதர் என்று சொல்வீர்களே. அவர் எழுதிய பொய் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இருபத்துமூன்று வருடம் நான் ஆள் மாறிச் சபித்திருக்கிறேன். போட்ட சாபத்தை எப்படித் திருப்பி எடுப்பது? அவரே இல்லையே. உங்கள் மேல் போடலாம் என்று பார்த்தேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதற்கும் பலம் இல்லை.

ரயில் வருகிற மாதம் கொன்றையடிக்கு வருகிறதாம். முதல் நாள் பெரிய ஆட்கள் வருவார்கள். நான் மூன்றாம் நாள் வருகிறேன். இறங்கி நேரே சேமக்காலைக்குப் போவேன். நீங்கள் ஸ்ரேசனுக்கு வரலாம். கதைப்பேனோ என்று தெரியாது.

றோசலின்

கொன்றையடி,
09.11.2014

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று மகன் அறிவித்தான். சந்தோசம். உன் குடையை இங்கே விட்டுவிட்டாய். இந்த மழையிலும் அது காய்ந்தபடி மூலையில் நிற்கிறது.

நீ போன பிறகு சேனாதீர வந்தார். அந்த எட்டுக் கட்டைகளையும் அவர் ஸ்ரேசன் மேடை ஓரத்தில் வாங்காகப் போட்டதும், நாம் இருவரும் அதில்தான் இருந்தோம் என்பதும் உனக்குத் தெரியாது. தெரிந்தால் இருந்திருக்க மாட்டாய் என்று நான் சொல்லவில்லை. "உங்கட தங்கச்சியா? ரெண்டு பேரும் அரை மணித்தியாலம் ஒண்டும் கதைக்கல்லையே" என்றார். "நாங்கள் கடிதத்தில கதைச்சு முடிச்சிட்டம்" என்றேன். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் முடியவில்லை, றோசலின்.

சேமக்காலையில் நீ என்னிடம் ஒன்றுதான் கேட்டாய். "அக்கா, அவள் அந்த நேரம் உள்ளுக்க என்ன செய்துகொண்டிருந்தவள்?" "படிச்சுக்கொண்டிருந்தவள்" என்றேன். நீ தலையாட்டினாய். அவரிடம் மன்னிப்புக் கேட்கவென்று மற்றக் கல்லறைக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாய். ரயில் புறப்படும்போது யன்னலால் கையை நீட்டி, "தைக்கு வாறன், கிடங்கை ரெண்டு பேருமா மூடுவம்" என்றாய். அந்தக் கையைப் பிடித்தபோது, வாயைத் திறக்கத்தான் நினைத்தேன். கொடி அசைந்துவிட்டது.

அவர் வண்டியைத் திருப்பிய அந்தப் பின்னேரம், யூடிற் என் பின்னால் நின்றாள். "பெரியம்மா, ரெண்டு கட்டையாவது வைப்பமே. ரெயில் ஓடத் தொடங்கினதும் நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றாள். பெரியவர்கள் பேச்சில் வாய் வைத்ததற்கும், களவுக்கு நியாயம் சொன்னதற்கும் நான் அவளுக்கு ஒரு தண்டனை கொடுத்தேன். மதர் நமக்குக் கொடுப்பாவே, அதேதான். "களவு செய்யாதிருப்பாயாக" என்று நூறு தரம்.

அவள் ஒரேயடியாக எழுதவில்லை. நாளுக்குக் கொஞ்சமாக எழுதினாள். குண்டு விழுந்த அன்று காலை பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டதும் கொப்பியோடு பங்கருக்குள் இறங்கினாள். "பெரியம்மா, வாங்கோ" என்று கூப்பிட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வர நின்றேன்.

அந்தக் கொப்பியைப் பதிவுத் தபாலில் இதோடு அனுப்புகிறேன். மண் தட்டியிருக்கிறேன், வேறொன்றும் செய்யவில்லை. இதைப் பார்த்த பின் நீ தைக்கு வராமல் விடலாம். ரயில் இருக்கிறது, ஆகையால் வராததற்கு ஒரு சாட்டும் எழுதத் தேவையில்லை. கிடங்கை நான் தனியே மூட மாட்டேன்.

அறுபத்திரண்டு தரம் எழுதியிருக்கிறாள். கடைசி மூன்று வரியிலும் எழுத்துச் சரிகிறது. அவசரத்தில் எழுதியிருக்க வேண்டும். "களவு" என்பதை "கலவு" என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கும் ளகரம் உன்னைப்போலத்தான்.

சிவப்பு மைப் பேனை என் மேசையிலேயே இருந்தது, இத்தனை வருடமும். நான் திருத்தவில்லை.

அக்கா